சம விசை, சமமற்ற உடல்கள்: திருச்சிச் சாலைகளில் உந்தம் குறித்துச் சில குறிப்புகள்

1

'விபத்து' என்ற சொல் எதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சாலைச் சாவை எழுதுவதற்கென்று நமது தினசரிகளிடம் ஓர் இலக்கணம் இருக்கிறது. 'லாரி மோதி வாலிபர் பலி.' 'தறிகெட்டு ஓடிய வேன்.' 'கண் இமைக்கும் நேரத்தில் நடந்த கோரம்.' முதல் வாக்கியத்தில் லாரி மட்டுமே மோதுகிறது, வாலிபர் மோதப்படுகிறவர். இரண்டாவதில் வண்டி, கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடும் மாடாகிவிடுகிறது. மூன்றாவதில் காலம் யாராலும் கைவைக்க முடியாத ஒன்றாக விதியின் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

இதே சம்பவம் காவல் நிலையத்துக்குள் போனதும் வேறு மொழிக்குள் நுழைகிறது: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.' நஷ்டஈட்டு வழக்குகளுக்காக நண்பர்களோடு திருச்சி கோர்ட்டுக்கு அலைந்த நாட்களில் நான் படித்த முதல் தகவல் அறிக்கைகளில் இந்தத் தொடர் இல்லாத ஒன்றைப் பார்த்ததில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304-அ பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 281, 106 ஆகிவிட்டன. எண்கள் மாறின, சூத்திரம் மாறவில்லை. டிரைவர் என்கிற ஒற்றை மனிதனின் மனநிலைக்குள் மொத்த நிகழ்வையும் அடைத்துவிடுகிற சூத்திரம் அது.

மூன்றாவதாக ஜனங்களின் மொழி ஒன்று இருக்கிறது. 'அந்த வளைவு காவு வாங்குது சார், வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரு' என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். நான் தள்ளப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

இந்த மூன்றுக்கும் நடுவில் நான்காவதாக ஒரு மொழியை வைத்துப் பார்க்கலாம் என்பதே என் யோசனை. அது பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தில் மார்க்குக்காக நாம் மனப்பாடம் செய்து மறந்துபோன இயக்கவியல். விஞ்ஞானச் சொல்லாடல் என்றாலே அதிகாரத்தின் சொல்லாடல் என்று சந்தேகிக்கப் பழகிய வட்டாரம் நம்முடையது. அந்தச் சந்தேகம் தேவையானதும்கூட. ஆனால் அதிகாரம் தன் வசதிக்காகப் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் விஞ்ஞானமும் உண்டு. உந்தமும் விசையும் நமது சாலைகளில் அப்படிக் கிடப்பவை என்று எனக்குத் தோன்றுகிறது.

2

ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். நிறையில் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது இயக்க ஆற்றல். இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்தைவிட நல்ல இடம் கிடையாது.

சித்திரைத் தேரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக அதன் எடை 60 டன், வடம் பிடிக்கும்போது நகரும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உந்தம் 30,000 அலகுகள். இயக்க ஆற்றல் 7,500 ஜூல். அதே வீதியைத் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறான். வண்டியும் அவனுமாக 200 கிலோ. அவனுடைய உந்தம் ஏறத்தாழ 3,300, தேரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் அவனுடைய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 27,800 ஜூல், தேரைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல்.

எதை எதற்குப் பயன்படுத்துவது? உந்தம் கேட்கிற கேள்வி: இதை நிறுத்த எவ்வளவு விசையை எவ்வளவு *நேரம்* கொடுக்க வேண்டும்? ஆற்றல் கேட்கிற கேள்வி: எவ்வளவு விசையை எவ்வளவு *தூரம்* கொடுக்க வேண்டும்? தேரை ஒரு ஆள் மார்பு கொடுத்து நிறுத்த முடியாது. அதற்குச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் வேண்டும். அரசியல் மொழியில் முட்டுக்கட்டை கெட்ட வார்த்தை, தேருக்கோ அதுதான் பிரேக், அதுதான் ஸ்டியரிங். மோட்டார் சைக்கிள் பையனின் பிரச்சினை வேறு. அவனிடம் இருக்கும் ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பிரேக் பிடித்தால் டிரம்மிலும் டயரிலும் சூடாகப் போகும். பிடிக்க இடமில்லாவிட்டால் தகரத்திலும் எலும்பிலும் போகும். வேகம் இரட்டித்தால் உந்தம் இரட்டிக்கும், ஆற்றலோ நான்கு மடங்காகும். 'கொஞ்சம்தானே ஸ்பீடு' என்கிற பேச்சு இந்த வர்க்கத்தை மறந்துவிட்ட பேச்சு.

3

நியூட்டனின் மூன்றாம் விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. இதன் முழு அர்த்தத்தை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. லாரியும் வேனும் மோதிக்கொள்ளும்போது லாரி வேனின்மேல் செலுத்தும் விசையும், வேன் லாரியின்மேல் செலுத்தும் விசையும் எள்ளளவும் வித்தியாசமில்லாமல் சமம். 'லாரியோட ஃபோர்ஸ் ஜாஸ்தி' என்பது தவறான வாக்கியம். விசை ஒரு பொருள் தன் மடியில் வைத்திருக்கும் சொத்து அல்ல. அது இரண்டுக்கு நடுவில், தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் நிகழ்கிற உறவு.

திருச்சி இதற்கு ஒரு விசித்திரமான உதாரணத்தைத் தந்திருக்கிறது. 2018 அக்டோபர் 12 அதிகாலை திருச்சி விமான நிலையத்திலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை முனையிலிருந்த ஆன்டெனா அமைப்பிலும் காம்பவுண்டுச் சுவரிலும் உரசி உடைத்துக்கொண்டே மேலேறியது. 130 பயணிகளும் 6 ஊழியர்களும் இருந்த அந்த விமானம் சில மணி நேரம் பறந்து மும்பையில் பத்திரமாக இறங்கியது. அத்தனை டன் எடை, அத்தனை வேகம். விமானத்தை ஏன் சுவர் நிறுத்தவில்லை? ஏனென்றால் செங்கல் சுவரால் தான் உடையும்வரைக்கும்தான் எதிர்க்க முடியும். அது எவ்வளவு எதிர்த்ததோ அவ்வளவு விசையைத்தான் விமானமும் வாங்கிக்கொண்டது. அதே சுவரில் ஒரு ஆட்டோ மோதியிருந்தால் சுவர் நின்றிருக்கும்.

விசை சமம் என்றால் சாவு ஏன் சமமாக இல்லை? இங்கேதான் இரண்டாம் விதி வருகிறது. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். மோதலில் அது எதிர்முடுக்கம். ஈழத்துப் பாடநூல்களில் இதற்கு 'அமர்முடுகல்' என்று அழகான சொல் இருக்கிறது. நிறை குறைந்தவனுக்கு அமர்முடுகல் அதிகம். வகுக்கும் எண் சிறியது என்பதால் மட்டுமே.

2023 மார்ச் 19 அதிகாலை, திருச்சிக்கு மேற்கே திருவாசியில், ஒரு ஆம்னி வேனும் எதிரே வந்த லாரியும் மோதி வேனில் இருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த மோதலின் அளவுகள் என்னிடம் இல்லை. அதை இங்கே புனரமைக்கவும் போவதில்லை. அந்த வகை மோதலில் பொதுவாக என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆட்களோடு வேன் 1.3 டன். சரக்கோடு லாரி 15.6 டன், அதாவது பன்னிரண்டு மடங்கு. இரண்டும் 60 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர். மோதியபின் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர்கின்றன என்று கொண்டால், உந்த அழிவின்மை விதிப்படி இரண்டும் சேர்ந்து லாரி வந்த திசையில் சுமார் 51 கிலோமீட்டர் வேகத்தில் போகும். லாரியின் வேகம் 60-லிருந்து 51-க்கு இறங்கியது. மாற்றம் 9. வேனோ முன்னோக்கி 60-இல் வந்து பின்னோக்கி 51-இல் தள்ளப்படுகிறது. மாற்றம் 111.

ஒன்பதும் நூற்றுப் பதினொன்றும். இது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிட்டால், லாரி டிரைவர்மேல் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அமர்முடுகல். வேனில் இருப்பவர்கள்மேல் 31 மடங்கு. கண் இமைக்கும் நேரம் என்று பத்திரிகை எழுதுவது மிகையல்ல, குறைவு. ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் மோதல் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும்.

'ரெண்டும் அறுபதுல வந்தா, செவுத்துல நூத்தி இருபதுல மோதுன மாதிரி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே எடையுள்ள இரண்டு வண்டிகள் என்றால் அது தப்பு. ஒவ்வொன்றின் வேகமும் 60-லிருந்து பூஜ்யமாகிறது, அதாவது அசையாத சுவரில் 60-இல் மோதியதற்கு நிகர். ஆனால் எதிரில் இருப்பது பன்னிரண்டு மடங்கு பெரிதாக இருக்கும்போது, வேன்காரருக்கு அந்த வாக்கியம் கிட்டத்தட்ட உண்மையாகிவிடுகிறது. சமம் என்று விதி சொல்கிறது. விளைவைப் பங்கு போடும்போது நிறை குறுக்கே வருகிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிற வாக்கியத்தோடு நமக்கு இருக்கும் அனுபவத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

4

நிறையை மாற்ற முடியாது என்றால் மாற்றக்கூடியது எது? நேரமும் தூரமும்.

1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போய், 1.4 நொடியில் நின்றார். உச்சத்தில் புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு. பிழைத்தார். உடல் சரியாகக் கட்டப்பட்டு, நிற்பதற்கு நேரமும் கொடுக்கப்பட்டால் நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும் என்பது அதிலிருந்து தெரிந்தது. அதே பத்தாண்டில் மெர்சிடஸ் பொறியாளர் பேலா பரேனி ஒரு தலைகீழ் யோசனையை முன்வைத்தார்: காரின் முன்பக்கம் உறுதியாக இருக்கக் கூடாது, நொறுங்க வேண்டும், உட்கார்ந்திருக்கும் அறை மட்டும் நொறுங்கக் கூடாது. 1959-இல் அப்படிப்பட்ட கார்கள் வந்தன. அதே ஆண்டு வால்வோவின் நீல்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டும் வந்தது. பெல்ட்டின் வேலை நம்மை வண்டியோடு சேர்த்துக் கட்டி, நொறுங்கும் முன்பக்கம் சம்பாதித்துக் கொடுக்கும் அந்த அரை மீட்டர் தூரத்தில் நமக்கும் பங்கு வாங்கித் தருவது. பெல்ட் இல்லாதவர், சடன் பிரேக் போட்ட ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர் மாதிரி. வண்டி நின்றபின்னும் அவர் போய்க்கொண்டிருப்பார்.

ஆம்னியில் முன்சீட்டுக்காரரின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம். நொறுங்குவதற்கென்று ஒதுக்கிய இடமே அதில் கிடையாது. 1984-இலிருந்து 2019 வரை அது விற்கப்பட்டது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நம் ஜனங்கள் குடும்பத்தோடு போனது அதில்தான். புதிய கார் மாடல்களுக்கு மோதல் சோதனை இந்தியாவில் கட்டாயமானது 2017 அக்டோபரில். ஐரோப்பாவில் கற்றுக்கொண்டதற்கும் இங்கே சட்டமானதற்கும் நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த இடைவெளியை அறியாமை என்று சொல்ல முடியாது. விலையைக் குறைத்து யாருடைய உடலைக் கணக்கில் எழுதினோம் என்பதற்கான பதில் அதில் இருக்கிறது.

டூவீலருக்கு வருவோம். 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தில் தினமும் நான் போய்வருவது டூவீலரில்தான், மாம்பழச்சாலையில் ஏறி அந்தப் பக்கம் சிந்தாமணியில் இறங்குகிறேன். பஸ்ஸின் பின்சக்கரம் என் முழங்கைக்கு ஒரு முழ தூரத்தில் சுற்றும். டூவீலரில் நொறுங்கும் பகுதி என்று ஒன்றைத் தேடினால் அது ஓட்டுகிறவனின் உடல்தான். ஹெல்மெட் என்பது அந்த உடலுக்கு இரவலாகக் கிடைக்கும் மூன்று விரல்கடைக்குள்ளான தெர்மாகோல். அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு: விழுந்த உயரத்தை, நின்ற தூரத்தால் வகுத்தால், சராசரி அமர்முடுகல் புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தாரில் விழுந்து 5 மில்லிமீட்டரில் நின்றால் 300 மடங்கு. தெர்மாகோல் நசுங்கி 30 மில்லிமீட்டரில் நின்றால் 50 மடங்கு. போலீஸ்காரருக்காக மாட்டிக்கொள்ளும் ஓட்டுக்குள்ளே தெர்மாகோல் இல்லையென்றால் இந்த வகுத்தல் நடக்காது. ரோட்டோரம் விற்கும் தொப்பி மாதிரியான ஹெல்மெட்டுகளில் பணம் கொடுத்து நாம் வாங்குவது அபராதத்திலிருந்து விடுதலை மட்டுமே.

5

நடந்து போகிறவர்களுக்கு அந்தத் தெர்மாகோலும் கிடையாது. சமயபுரத்துக்கு மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியலிலும் நடக்கிறார்கள். அவர்கள் நடப்பது பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில். 2024 ஜூலை 17 விடியலில் தஞ்சாவூர்–திருச்சி சாலையில் வளம்பக்குடி அருகே அப்படி நடந்துகொண்டிருந்தவர்கள்மேல் ஒரு சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் இறந்தார்கள்.

மறுபடியும் ஒரு பொதுக் கணக்கு. 2 டன் வாகனம் 60 கிலோமீட்டரில் வருகிறது, 60 கிலோ எடையுள்ள ஒரு அம்மாமேல் மோதுகிறது. அந்த அம்மாவின் வேகம் ஒரு கணத்தில் பூஜ்யத்திலிருந்து 58-க்கு ஏறும். வாகனத்தின் வேகம் குறைவது இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. உள்ளே இருப்பவருக்கு அது, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பிரேக்கை அழுத்தி விட்டதுபோல இருக்கும். 'ஏதோ தட்டுன மாதிரி இருந்துச்சு சார், என்னன்னு தெரியலை' என்று டிரைவர்கள் சொல்லும்போது நாம் கொதித்துப்போகிறோம். அதில் பொய்யும் இருக்கலாம். ஆனால் உந்தக் கணக்கின்படி அந்த வாக்கியம் சாத்தியமானது. அந்த நிறை விகிதத்தில் பெரிய வண்டிக்குள் இருப்பவனின் உடலுக்கு, வெளியே நடந்த சாவு ஏறத்தாழ வந்தே சேர்வதில்லை. மனசாட்சியின் கோளாறு என்று மட்டும் இதைப் பார்த்தால், அந்த வண்டியையும் அந்த நடையையும் ஒரே தாரில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறுக்கே ஒரு ஆள் தெரிகிறார். டிரைவர் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதன்பின் நல்ல ரோட்டில் நல்ல பிரேக். 60-இல் வருகிற வண்டி சுமார் 36 மீட்டரில் நின்றுவிடும். 80-இல் வருகிற வண்டி அதே 36-ஆவது மீட்டரில் என்ன வேகத்தில் இருக்கும்? இருபது இருக்குமா, முப்பதா? கணக்குப் போட்டால் அறுபதுக்கும் மேல் வருகிறது. அந்த முதல் நொடியிலேயே அது 22 மீட்டரைத் தின்றுவிட்டது. மிச்சமிருந்த 14 மீட்டரில் அதிகம் குறைக்க முடியவில்லை. ஒருவன் வண்டி உரசாமல் நிற்கிற இடத்தில், இருபது கிலோமீட்டர் கூடுதலாக வந்தவன் அறுபதில் மோதுகிறான். இருவருமே தங்களை ஜாக்கிரதையான டிரைவர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கலாம்.

6

இப்போது காவு வாங்கும் வளைவுக்குத் திரும்பலாம். மத்திய நெடுஞ்சாலைத் துறை 'கரும்புள்ளி' என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது: தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து மோதல்கள், அல்லது பத்துச் சாவுகள். இது 'காவு வாங்குது' என்கிற வாக்கியத்தின் அரசாங்க மொழிபெயர்ப்பு. வெவ்வேறு டிரைவர்கள், வெவ்வேறு வண்டிகள், வெவ்வேறு நேரம், ஆனால் ஒரே இடம். அப்படியென்றால் காரணம் இடத்தில் இருக்கிறது என்பதை, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வண்டியை எடுக்கும் டிரைவரும் வளைவில் முனிக்குச் சூடம் கொளுத்துகிறவரும் புள்ளிவிவரம் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். பரிகாரம் தப்பாக இருக்கலாம். நோயை அறிந்த விதத்தில் அவர்கள் முதல் தகவல் அறிக்கையைவிட விஞ்ஞானத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அரசின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. நிறை விகிதத்தின் சமூகவியல் இதுதான். அதே அறிக்கையில் சாவுக்கான காரணம் என்ற அட்டவணையில் 70 சதவீதத்துக்கு மேல் 'அதிவேகம்' என்று இருக்கிறது. அந்த அட்டவணை போலீஸ் பதிவுகளிலிருந்து தொகுக்கப்படுவது. எஃப்.ஐ.ஆர். சூத்திரமே புள்ளிவிவரமாக உருமாறி, பிறகு கொள்கையாகி நம்மிடமே திரும்பி வருகிறது. வேகம் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை, மேலே உள்ள கணக்குகள் முழுக்க வேகத்தைப் பற்றியவைதான். ஆனால் அந்த வேகத்தை அனுமதிக்கும் அகலம், நடைபாதை இல்லாத ஓரம், தடுப்பு இல்லாத நடுப்பகுதி, இருட்டில் நிறுத்தி வைத்த லாரியின் பின்னால் இல்லாத பாதுகாப்புக் கம்பி ஆகியவை எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன் பக்கங்களில் 'விபத்து' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தவிர்க்கப் போவதாக அறிவித்தது. 1997-இல் சுவீடன் பாராளுமன்றம், மனிதன் தவறு செய்வான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு சாவில் முடியாதபடி சாலையை அமைப்பது அதை அமைப்பவரின் பொறுப்பு என்ற கொள்கையை ஏற்றது. 2021-இல் மறைந்த டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் தினேஷ் மோகன், டிரைவரைத் திருத்தினால் போதும் என்கிற பேச்சை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். சொற்கள் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. சொல் மாறும்போது கேள்வி கேட்கப்படும் ஆள் மாறுகிறார், அவ்வளவுதான்.

களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு நடைமுறையாக இரண்டு விஷயம். ஒன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு. சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும், யார் தவறு என்று நிரூபிக்காமலே கேட்கலாம். செத்தவர் ஹெல்மெட் போட்டாரா, ரோட்டில் எந்தப் பக்கம் நடந்தார் என்கிற குறுக்கு விசாரணைக்கு அங்கே இடமில்லை. இரண்டு, 2019 திருத்தத்தில் வந்த 198-அ பிரிவு. சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிப்பவர் தரவிதிகளை மீறி அதனால் சாவு நேர்ந்தால் அவர்மேல் வழக்குப் போடலாம். அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரைதான், அற்பம். ஆனால் 'அஜாக்கிரதை' என்கிற சொல் டிரைவரின் சீட்டை விட்டு இறங்கி ஒரு ஆபீஸ் நாற்காலியை நோக்கி நடப்பதற்கு அந்தப் பிரிவில்தான் வழி இருக்கிறது.

அடுத்த முறை ஒரு எஃப்.ஐ.ஆர். கைக்கு வரும்போது அதன் ஓரத்தில் பென்சிலால் சில கேள்விகளை எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் எத்தனை கிலோ? அந்த ரோடு எத்தனை கிலோமீட்டர் வேகத்துக்குப் போடப்பட்டது, அதில் நடக்க எங்கே இடம்? உடல் எதன்மேல் மோதி, எத்தனை மில்லிமீட்டரில் நின்றது? அந்த இடத்தில் இதற்குமுன் எத்தனை பேர்? ஊர்க்காரர்களிடம் கேட்டால் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவார்கள். மற்ற மூன்றையும் ஆபீஸ்களில்தான் போய்க் கேட்க வேண்டும்.